நாலு பேரு சொன்ன டயரு

இங்க ஒக்காந்துக்கலாங்களா? அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, எடம் தாராளமா இருக்குது. பஞ்சருங்களா? ஆணியா? இந்தத் தாராபுரம் ரோட்டுல ஆணிக்கு என்னங்க பஞ்சம். நான் டயர் மாத்த வந்தனுங்க. நாலும். அந்தா, செவுத்தோரமா நிக்குது பாருங்க வெள்ளை வண்டி, அதுதான். என்ன அப்படிப் பாக்கறீங்க? டயரெல்லாம் புதுசா இருக்குதேன்னுதானே? புதுசுதானுங்க. போட்டு ஒரு மாசங்கூட ஆகல. பக்கவாட்டுல ரப்பர் முடி கூட இன்னும் உதுரல. சந்தேகப்படாதீங்க, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது.

பெருந்துறையில பைப்புக் கடை வெச்சிருக்கறனுங்க. பேரு நாச்சிமுத்து. எனக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதாங்க, முடிவெடுக்காம இழுக்கறது. ஒரே ஒரு தண்ணிக் கொழா வாங்கறதுக்கு வருவாங்க பாருங்க, புருசன், பொண்டாட்டி, கொழுந்தியா, கொழுந்தியாளோட மாமியா. எல்லாரும் திருகித் திருகிப் பாத்துப்போட்டு, "ஊட்டுல கேட்டுட்டு வாரமுங்க"ம்பாங்க. மொத்த ஊடும் என்ற கடையில வந்து நிக்குது, இன்னும் ஊட்டுல யாரைங்க கேக்கறது? நான் அப்படி இல்லீங்க. எனக்கு எதுன்னாலும் வெட்டு ஒண்ணு துண்டு ரண்டு. இந்த டயரையே எடுத்துக்கங்க. ஆடியில ஆரம்பிச்சேன், ஐப்பசி பொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போட்டனே.

எல்லாம் என்ற சம்பந்தியால வந்த வெனைங்க. ஈஸ்வரமூர்த்தின்னு, இந்த ஊருதான், தேங்கா மண்டி. தெரியுங்களா? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துக்கங்க. என்ற பொண்ணு பூரணிய அவரு பையனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்குது. நல்ல மனுசன். குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா வாயி இருக்குது பாருங்க வாயி.

இந்த ஆடிப் பதினெட்டுக்கு ரண்டு குடும்பமும் பவானிக் கூடுதுறைக்குப் போயிருந்தம். ஆத்துல தண்ணி வாத்துக் குளிச்சுட்டு, சாமி கும்பிட்டுட்டு, வண்டி நிறுத்தியிருந்த எடத்துக்கு வாரம். அத்தனை சனம் நிக்குது. சம்பந்தி என்ன பண்ணுனாரு தெரியுங்களா? என்ற வண்டிக்கு முன்னால அப்படியே குனிஞ்சாரு. பெருவெரலால டயரத் தடவறாரு. சந்தையில கத்திரிக்காயை அமுக்கிப் பாப்பாங்களே, அந்த மாதிரி. தடவிப்போட்டு நிமுந்து, "சம்பந்தி, டயரு மொட்டையாயிருச்சுங்க. கட்டுச்சோத்தன்னைக்குப் பூரணி அம்மிணிய இந்த வண்டியில அனுப்ப மாட்டனுங்க. நானே என்ற வண்டியில கொண்டாந்து உட்டர்றேன்"னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்?

கட்டுச்சோறு உங்களுக்குத் தெரியாததா. மாசமா இருக்கற பொண்ணைப் பாக்க அப்பன் ஆத்தா வகைவகையா சோறு கட்டிக் கொண்டுபோவோணும். மாமியா ஊட்டுல விருந்து வெச்சு, அன்னைக்கே பொண்ணைப் பேறுகாலத்துக்குத் தன்ற ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். அப்பங்காரன் வண்டியில, அப்பங்காரன் ஓட்டிக்கிட்டு வரோணும். சம்பந்தி வண்டியில வந்து எறங்குனா ஊருல என்ன பேசுவாங்க? நாச்சிமுத்துக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாரதுக்குக் கூட வக்கில்லைன்னு பேச மாட்டாங்களா? போன வருசம் அம்மிணிக்கு ஒண்ணு உண்டாகித் தங்கலீங்க. அதனால இந்தத் தடவை ரண்டு ஊட்டுலயும் அவளைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கறம். பாக்கட்டும், வேண்டாங்கல. அதுக்காக நாலு பேருக்கு முன்னால டயரத் தடவறதா?

அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். இனி அந்த மனுசன் குனிஞ்சு பாத்தா அவருக்கே கண்ணு கூசோணும், அப்படி டயரு போடறதுன்னு.

எங்கூட்டுக்காரி சுலோச்சனா சொன்னா, "வண்டி வாங்கறப்ப என்ன டயரு இருந்துதோ அதையே நாலு வாங்கி மாட்டீருங்க. அத்தனை வருசம் ஓடுச்சல்ல"ன்னு. பாவம், அவளுக்கு என்னங்க தெரியும். டயருங்கறது என்ன, மளிகைச் சாமானா, போன மாசம் வாங்குனதையே இந்த மாசமும் எழுதிக் குடுக்கறதுக்கு? அதெல்லாம் விசாரிக்கோணும். நாலு எடம் போவோணும். ஈரோட்டுக்குப் போனேன், திருப்பூருக்குப் போனேன். எங்க போனாலும் வண்டியப் பாக்கறதில்ல, காலைத்தான் பாக்கறது. பொம்பளைங்க கொலுசு பாப்பாங்களே, அது மாதிரி ஆயிப்போச்சு. சென்னிமலையில ஒரு கல்யாணம். மண்டபத்து வாசல்ல வரிசையா வண்டி நிக்குது. எந்தெந்த வண்டியில என்ன டயருன்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போறேன். அஞ்சாறு வண்டி பாத்திருப்பேன், வாட்ச்மேன் வந்து பின்னங்கழுத்தைப் புடிச்சுப்போட்டான். காத்தப் புடுங்கறேன்னு நெனச்சுப்போட்டானாம்! மாப்பிள்ளையோட அப்பாரு வந்து, "இவரு எங்க சொந்தமுங்க, மொய் வெக்க வந்தவரு"ன்னு சொன்னதுக்கப்பறந்தான் உட்டான். அந்த வாட்ச்மேன் அதுக்கப்பறம் என்ன கேட்டான்கறீங்க? "எந்த டயருங்க நல்லது?"ன்னு என்னையக் கேக்கறான். அந்தளவுக்கு ஆயிட்டனுங்க.

செரி, வெசயத்துக்கு வாரேன். யோசனை சொன்னவங்க ஏகப்பட்ட பேரு. அதுல தட்ட முடியாதவங்கன்னு பாத்தா நாலு பேரு.

மொத ஆளு என்ற மச்சான் சிவசாமி. சங்ககிரியில லாரி வெச்சிருக்கறான். "ரோட்டுல படற ரப்பர் பட்டன் கெட்டியா இருக்கோணும் மாமா, மலையத் தூக்கி வெச்சாலும் தாங்கோணும்"னு ஒரு கம்பெனி சொன்னான். நான் எந்த மலையைங்க ஏத்தப் போறேன்? ஆனா அவன் பூரணிக்குத் தாய்மாமன். அவனைப் பகைச்சுக்கிட்டு ஊட்டுல ஒரு விசேசம் நடத்த முடியுங்களா? அடுத்தது எங்க பங்காளி பெரியசாமியண்ணன். கவருமெண்டு பஸ்ஸு ஓட்டி ரிட்டையரானவரு. "பட்டன் மெத்துனு இருந்தாத்தாண்டா ஈரத்துல பிரேக்குப் புடிக்கும், கெட்டியா இருந்தா வழுக்கீரும்"னு அவரு வேற ஒண்ணைச் சொல்றாரு. அவரு சொன்னா எதுத்துப் பேசற பழக்கம் எங்க குடும்பத்துலயே இல்ல. அப்பறம் சம்பந்தி. நான் கேக்கவே இல்லீங்க, அவராப் போன் பண்றாரு. "என்ற வண்டியில இருக்கறதையே போட்டுருங்க சம்பந்தி, குண்டுங்குழியுமே தெரியாது, அம்மிணி அலுங்காம வரலாம்"கறாரு. அந்தக் கம்பெனியப் போட்டா அவரு பேச்சக் கேட்ட மாதிரி ஆயிரும். போடாட்டி அவரு பேச்சத் தட்டுன மாதிரி ஆயிரும். எப்படி மாட்டறாரு பாருங்க! நாலாவது சுலோச்சனா. அவ பழையதையே சொல்லிக்கிட்டிருந்தா.

பொரட்டாசி முடியப் போகுது. கட்டுச்சோத்துக்கு நாள் குறிச்சாச்சு. எனக்குச் சோறு எறங்கல. ஒரு நாள் காலைல பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கறேன், பளிச்சுனு ஒரு யோசனை. வண்டிக்கு எத்தனை டயரு? நாலு. சொன்னவங்க எத்தனை பேரு? நாலு.

சிரிக்காதீங்க. நீங்க என்ற எடத்துல இருந்திருந்தா நீங்களும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க.

பெருந்துறை டயர் கடைக்காரரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "நாச்சிமுத்தண்ணா, முன்னாடி ரண்டாச்சும் ஒரே சோடியா இருக்கட்டுங்ணா, இல்லைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்"னாரு. "வண்டி இழுத்தா இழுத்துட்டுப் போவுது, சொந்தக்காரங்க இழுக்காம இருந்தாச் செரி, நீ மாட்டப்பா"ன்னுட்டேன். முன்னால எடது பக்கம் சம்பந்தியோடது, மரியாதைக்கு. முன்னால வலது பக்கம் மச்சானோடது. பின்னால வலது பக்கம் பெரியசாமியண்ணனோடது. பின்னால எடது பக்கம் சுலோச்சனாளோடது, அவ ஊட்டு ஆளுதானே, பின்னால போட்டா கோவிச்சுக்க மாட்டா. பழசுல கொஞ்சம் தேறுனதா ஒண்ணு இருந்துச்சு, அதை ஸ்டெப்னியா வெச்சுக்கிட்டேன். அது எனக்கு.

அதுக்கப்பறம் பாக்கோணுமே. மச்சான் வந்தா வண்டிய அவன் டயரு வாசலப் பாக்கற மாதிரி நிறுத்தியிருப்பேன். "என்ன மாமா, நான் சொன்னதையே போட்டுட்டீங்க!"ன்னு மொகமெல்லாம் பல்லு. பெரியசாமியண்ணன் வந்தா வண்டிய ரிவர்ஸ்ல நிறுத்தறது. அவரும், "எம்பட பேச்சக் கேக்கறதுக்கு நீ ஒருத்தனாச்சும் இருக்கறயேடா"ன்னு கண்ணு கலங்கிப்போட்டாரு. யாருக்குங்க நட்டம்? எல்லாருக்கும் சந்தோசம். வண்டி மட்டும் சித்த எடது பக்கமா ஒதுங்கும், நான் ஸ்டேரிங்கை வலது பக்கமா அமுக்கிப் புடிச்சுக்குவேன். ஈரத்துல பிரேக்குப் புடிச்சா வாலு ஒரு தட்டுத் தட்டும். சுலோச்சனா ரண்டு தடவை முருகான்னு கத்துனா. அவ எதுக்கெடுத்தாலும் கத்தறவதான்.

இன்னைக்குத்தாங்க கட்டுச்சோறு. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிருசோறுன்னு போசி போசியா ஏத்திக்கிட்டு வந்து எறங்குனம். சம்பந்தி ஊட்டு வாசல்ல பந்தல் போட்டு ஒரே கூட்டம். விருந்து நல்லாத்தான் நடந்துச்சு. நான் ஒரே ஒரு வெசயத்தை யோசிக்கலீங்க. அந்த நாலு பேரும் ஒரே நாள்ல ஒரே எடத்துல ஒரே வண்டிக்கிட்ட வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

மச்சானுக்கு வாயி சும்மா இருக்குமா? கை கழுவுன ஈரத்தோட சம்பந்தியக் கூட்டிக்கிட்டு வண்டிக்கிட்டப் போறான். "பாருங்க, நான் சொன்ன டயரு"ங்கறான். சம்பந்தி இந்தப் பக்கம் நின்னு, "இல்லீங்களே, நான் சொன்னதுல்ல போட்டிருக்கறாரு"ங்கறாரு. சத்தங் கேட்டுப் பெரியசாமியண்ணன் எந்திரிச்சு வந்து, பின்னால போயிப் பாத்துட்டு, "ரண்டு பேருக்கும் கண்ணு தெரியலயா"ங்கறாரு. சுலோச்சனா தயிருசோத்துப் போசியக் கையில வெச்சுக்கிட்டு நாலாவது மூலையில வந்து நிக்கறா. மூலைக்கு ஒருத்தரா நிக்கறாங்க. எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிரலாம் போல ஆயிருச்சுங்க. மச்சான் கேக்கறான், "அப்ப என்ற பேச்சுக்கு உங்ககிட்டக் கால்வாசிதான் மதிப்பா மாமா?" பெரியசாமியண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "என்னைய ஏமாத்தறதுக்கு வண்டியத் திருப்பித் திருப்பி நிறுத்துனயாடா?"ங்கறாரு.

சம்பந்தி மட்டும் சத்தம் போடல. வண்டிய ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு நாலையும் பாத்தாரு. அப்பறம் என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "சம்பந்தி, உங்க மரியாதைக்கு நான் கொறை வெக்கல. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. அம்மிணி என்ற வண்டியில வரட்டுங்க. நீங்களே ஓட்டுங்க, வேண்டாங்கல. எனக்காக"ங்கறாரு. பாத்தீங்களா, எப்படி எளக்காரம் பண்றாருன்னு? அத்தனை பேருக்கு முன்னால!

நான் பதிலு சொல்ல வாயெடுக்கறேன், பூரணி வெளிய வந்துட்டா. ரண்டு கையிலயும் வளவி நெறைய. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு மெதுவா வண்டியச் சுத்தி வந்தா. கோவப்படுவான்னு நெனச்சேன், கோவப்படல. "சங்ககிரி மாமாவுக்கு ஒண்ணு, பெரியப்பாவுக்கு ஒண்ணு, எங்க மாமனாருக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. இதுல ஒக்காந்து வாரது நானு. எனக்கு எதுங்கப்பா வாங்குனீங்க?"ன்னா.

நான் என்னன்னுங்க சொல்றது? ஸ்டெப்னின்னா சொல்றது?

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நெசமாச் சொல்றனுங்க, ஆடியிலிருந்து இன்னைக்கு வரைக்கும் நான் பேசாத ஆளில்ல, அந்தப் புள்ளைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவ வந்து உக்காருவாங்கறதே எனக்கு மறந்துபோன மாதிரி ஆயிருச்சு. அவதான் அப்பறம் சொன்னா, "போயி நாலையும் ஒரே மாதிரியா மாத்தீட்டு வாங்கப்பா. ஆரையும் கேக்காதீங்க. நீங்களாப் பாத்து எடுத்துட்டு வந்தா உங்களோட வாரேன். கேட்டு எடுத்துட்டு வந்தீங்கன்னா, எங்க மாமனாரு வண்டியிலயே போயிக்கறேன்"னு. சொல்லிப்போட்டுத் தூணோரமா சேரைப் போட்டு ஒக்காந்துக்கிட்டா.

ஞாயித்துக்கெழம மத்தியானம் எந்தக் கடை தெறந்திருக்கும்? சம்பந்திதான் இந்தக் கடைக்காரருக்குப் போன் பண்ணித் தெறக்கச் சொன்னாரு. என்ன டயருன்னு மட்டும் சொல்லல. சொல்ல வந்தாரு, பூரணி ஒரு பார்வை பாத்தா, வாய மூடிக்கிட்டாரு. நாலரைக்கு ராகு காலம் பொறந்துருது. அதுக்குள்ள அவளை அங்கிருந்து கெளப்போணும். அதுதான் வந்ததிலிருந்து இங்க தவிச்சுக்கிட்டிருக்கறேன். நாலு ரகம் எறக்கிக் காட்டிப்போட்டுக் கடைக்காரரு எதைங்க எதைங்கன்னு நச்சரிக்கறாரு. எல்லாமே வட்டமா கறுப்பாத்தானுங்க இருக்குது.

ஏனுங்க, அந்த நீல வண்டி உங்களுதுதானுங்களா? டயரு நல்லாருக்குதே. என்ன கம்பெனி? எவ்வளவு ஓடியிருக்குது? மழையில எப்படிப் போவுது?

அம்மிணி ஆரையும் கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. நான் இல்லீங்கல. ஆனா நீங்க எனக்குச் சொந்தமில்ல, பந்தமில்ல, இன்னைக்குத்தான் பாக்கறம், பேரு கூட எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டா அது கேட்டதா ஆகுங்களா? நீங்க வாயால சொல்லவே வேண்டாம். அந்த நாலு ரகத்துல ஒண்ணைச் சும்மா பாருங்க. நீங்க எதைப் பாக்கறீங்கன்னு நான் பாத்துக்கறேன். அது கேட்டதுல சேத்தியில்லீங்களே?

சித்த இருங்க, போனு. அம்மிணிதான்.

சொல்லு கண்ணு. ஆச்சு ஆச்சு, எடுத்தாச்சு, மாட்டிக்கிட்டிருக்கறாங்க. என்னது? இல்ல, கேக்கல. ஆரையும் கேக்கல அம்மிணி. பக்கத்துல ஒருத்தரு பஞ்சருக்கு வந்திருக்கறாரு, சும்மா பேசிக்கிட்டிருக்கறன். செரி. செரி சாமி. என்னது? ஏனாம்? செரி, வந்தர்றேன்னு சொல்லு.

வெச்சுட்டா.

வாசப்படியில பையோட வந்து ஒக்காந்துட்டாளாம். சம்பந்தி வண்டிச் சாவிய எடுத்து உள்ள வெச்சுடச் சொல்லீட்டாளாம். எங்கப்பா வாங்கீட்டு வந்துட்டாருன்னு அவளே எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கறாளாம். நான் இன்னும் ஒண்ணையும் எடுக்கலீங்க. அப்பறம் இன்னொண்ணு சொன்னா. சம்பந்தி இன்னும் சாப்பிடலயாம். காலைல இருந்து பந்தியக் கவனிச்சுக்கிட்டு ஒரு வாய் தண்ணியோட இருந்தாராம். இப்ப நான் நல்லபடியா திரும்பி வந்தாத்தான் எலையில ஒக்காருவன்னு இருக்கறாராம். எளக்காரம் பண்றவன் எதுக்குங்க சாப்பிடாம இருக்கறான்? அந்த ஆளு பவானியில குனிஞ்சு டயரத் தடவுனப்பயும்... செரி உடுங்க.

என்னங்க? ஏதோ சொல்ல வாறீங்களே. அந்த மூணாவதுதானே நல்லதுங்கறீங்க? வேண்டாங்க! சொல்லீராதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், இத்தனை நேரம் நான் கெஞ்சுனேன், நீங்க வாயத் தொறக்கல, இப்பத் தொறந்து என்ற பொழப்பக் கெடுத்துராதீங்க. அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க.

ஏனுங்க கடைக்காரரே, அந்தக் கடைசி ரகத்தை இப்படிக் கொண்டாங்க. கைய வெச்சுப் பாக்கறேன். மழைத்தண்ணி போறதுக்கு வழி ஆழமா இருக்குது. போதுமுங்க. இதையே நாலும் மாட்டுங்க. அந்த ஸ்டெப்னியையுங் கழட்டி வீசிப்போட்டு அதுலயும் இதையே போடுங்க, அஞ்சாப் போட்டுருங்க. நல்ல டயரா மட்டமான டயரான்னு எங்கிட்டச் சொல்லீராதீங்க, நாளைக்குச் சொல்லிக்கலாம். சீக்கிரம் ஆகட்டும்.

ஒண்ணு பாத்தீங்களா? நாலு மாசமா பாக்கறவனெல்லாம் என்ன டயரு, என்ன டயருன்னுதாங்க கேட்டான். இவ போன் பண்ணி அதைக் கேக்கவே இல்ல. மெதுவா வாங்கப்பான்னுதான் சொன்னா.